வரைபடத்தில் இருக்கிறது

காலை ஆறரை, பிரிட்லிங்டன்.
விடுதிச் சாவியைக் கதவின் தபால் துளைக்குள் போட்டேன்.
உள்ளே விழுந்து அது தரையில் ஒலித்த பிறகுதான்
கையுறைகளை மேசைமேல் விட்டது நினைவு வந்தது.

செப்டம்பர்க் கடைசி. கடல் இடப்புறம்.
தெற்கே போகிறவரை அது இடப்புறம்தான்,
இதில் வழி தவற என்ன இருக்கிறது.
காற்று மட்டும் நேர் எதிரே.
'மிதமான காற்று' என்றது வானொலி.
அதை எழுதியவர் நாற்காலியில் இருந்திருப்பார்.
மேடென்று சொல்ல ஒரு மேடில்லை,
ஆனாலும் இரண்டாம் கியர்;
அறுத்த பார்லித் தாள்களுக்கு அப்பால்
ஒரு தேவாலயக் கோபுரம்
முக்கால் மணி நேரம் அதே தூரத்தில் நின்றது.
கைகளுக்குக் காலுறை மாட்டிக்கொண்டேன்.
பார்க்க யாருமில்லை.
பார்த்த ஒரு குதிரையும் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஹார்ன்ஸீ தாண்டியதும் பஞ்சர்.
வேலி கத்தரித்த டிராக்டர்
சாலை நெடுக முள் தூவிப் போயிருக்கிறது.
சைக்கிளைக் கவிழ்த்தேன். ட்யூபைக் காதில் வைத்தால்
காற்றுக்குள் காற்றுக் கசிவது கேட்கவில்லை.
உதட்டருகே கொண்டுபோனேன்:
அங்கே, மிக மெல்ல, யாரோ ஊதினார்கள்.

அடுத்த வாசலில் ஒரு மரப்பெட்டி.
ஆறு முட்டை, ஒன்றரைப் பவுண்டு, காசைத் தகரத்தில் போடவும்.
என்னிடம் இரண்டு பவுண்டு நாணயம் ஒன்றே.
போட்டேன். போனது போகட்டும் ஐம்பது பென்ஸ்.
காலுறை முட்டைகளுக்கு;
கைகள் மறுபடி வெறுங்கை.

வரைபடம் நேராகப் போகச் சொன்னது.
சிமெண்ட் கட்டைகள் மூன்று, சிவப்புப் பலகை.
அவற்றைத் தாண்டியும் சாலை இருபதடி போகிறது,
நடுவே வெள்ளைக் கோடு, விட்டு விட்டு.
கடைசிக் கோட்டில் பாதிதான் இருக்கிறது.
மீதி வானம்.
கீழே களிமண் கரைந்து தேநீர் நிறத்தில் கடல்.
எந்த வீட்டுக்கோ தண்ணீர் கொண்டுபோன குழாய்
மண்சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

'பின்னால் வா, பின்னால்!'
ரோவீனா பிளென்கின், கேரவன் பூங்காக்காரி,
ரப்பர் பூட்ஸ், கையில் அளவு நாடா.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
நாடாவின் ஒரு முனையை நீட்டினாள்:
'அந்தப் படியில் அழுத்திப் பிடி.'
பிடித்தேன். அவள் விளிம்புவரை போனாள்,
கடைசி இரண்டடி மண்டியிட்டு.
ஒன்பது மீட்டர் நாற்பது.
புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.
முந்தைய எண்ணை அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

அந்தக் கேரவனின் கதவில் பதினான்கு என்றிருந்தது.
முதல் வரிசை, முதல் வண்டி.
'ஒன்றிலிருந்து பதின்மூன்று?'
நாடாவைச் சுற்றிக்கொண்டே
மோவாயால் கடலைக் காட்டினாள்.

தேநீர் தந்தாள். பதிலுக்கு
இரண்டு முட்டை தரலாமென்று காலுறையைப் பிரித்தேன்.
'இது என் தங்கை வீட்டுக் கோழி. எவ்வளவு போட்டாய்?'
இரண்டு பவுண்டு.
கால்சட்டைப் பையைத் துழாவி
ஐம்பது பென்ஸை என் உள்ளங்கையில் வைத்தாள்,
சேறோடு.

வித்தர்ன்ஸீயில் கலங்கரை விளக்கம்
கரையை விட்டு ஊருக்குள் தள்ளி
வீடுகளின் கொல்லைக்கு நடுவே நிற்கிறது.
கட்டியவர்கள் முன்யோசனைக்காரர்கள்.
மீன் வறுவல் கடைப் பெண் 'ஒருவருக்கா?' என்றாள்.
ஒருவருக்குத்தான், ஆனால் பெரிய பொட்டலம்.
கடற்காகம் ஒன்று வந்து கணக்கைச் சரிபார்த்தது.

கில்ன்ஸீ. எழுபத்தியொரு கிலோமீட்டர்.
நிலம் ஒடுங்கி ஒரு விரலாகிறது:
இடப்புறம் கடல், வலப்புறம் ஹம்பர் முகத்துவாரம்.
இப்போதுதான் வழி தவறக்கூடும் போலிருந்தது.
ஐந்து முட்டைகள் பிழைத்திருந்தன.
இரண்டை வேகவைத்தேன்,
ஆறாவதைக் காலுறையிலிருந்து அலசினேன்.

கூடாரம் அடித்தபின், இருட்டுவதற்குள்,
அதன் வாசலிலிருந்து விளிம்புவரை காலால் அளந்தேன்.
நூற்றுப் பதினாறு அடி.
கேட்க யாருமில்லை. புறங்கையில் எழுதவுமில்லை.
படுக்கப் போகுமுன் மட்டும்
சைக்கிளை உருட்டிப் போய்
கூடாரத்தின் மறுபக்கத்தில் படுக்க வைத்தேன்.